யாரு நம்புறது?

என் எம்.ஃபில். ஆய்வேட்டை அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள். படித்தாள் என்று சொல்ல முடியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழிலேயே கையெழுத்து மட்டும்தான் வரும். 2010, ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு சாயங்காலம். லயத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே, "அம்புட்டு நாளா எழுதுனியே, என்னதான் எழுதிருக்க, படி கேப்போம்" என்றாள். நீல ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் என் பேர் அச்சாகி வந்திருந்த புத்தகம். மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"இத்தோட்டத்தில் முனியாண்டி என்னும் தெய்வம் குடியிருப்பதாக நம்பப்படுகிறது. பிழைப்புத் தேடி மலையேறிய முதல் தலைமுறையினர் தங்கள் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து இத்தெய்வத்தை நிறுவியதாகச் சொல்லப்படுகிறது. திருவிழா இரவில் தெய்வம் ஒருவர்மேல் இறங்குவதாக நம்பப்படுகிறது..."

அம்மாவின் கை நின்றது. "யாரு நம்புறது?"

"என்னம்மா?"

"நம்பப்படுகிறதுங்குறியே. யாரு நம்புறது? நீயா, நானா, ஒங்க வாத்தியாரா?"

"அப்படித்தாம்மா எழுதணும்."

"அப்ப சரி" என்று எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். மேற்கொண்டு படிக்கச் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை.

மேகமலை என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். தோட்டத்துக் காகிதங்களில் ஹைவேவிஸ். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் வயசாளிகளுக்குப் பச்சைக்கூமாச்சி. சின்னமனூரில் பஸ் ஏறி, தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் 1,500 மீட்டர் உயரத்தில் எங்கள் டிவிஷன். சுற்றுலா வருகிறவர்கள் மேகத்தைப் பார்த்துப் படம் எடுப்பார்கள். மேகத்துக்குள்ளேயே குடியிருக்கிறவர்களுக்கு அது மூன்று நாளாகக் காயாத பாவாடை.

இங்கிருந்து சமூகவியல் எம்.ஏ. படிக்கப் போன முதல் ஆள் நான். "சமூக அறிவியல் டீச்சரா ஆவியா?" என்று கேட்காதவர் இல்லை. ஊர் சனம் எப்படி வாழுது, ஏன் அப்படி வாழுதுன்னு படிக்கிற படிப்பு என்று பக்கத்து லயத்து அத்தைக்கு விளக்கினேன். "இதுக்கா காசு கட்டி மதுரைக்குப் போற? எங்கிட்டக் கேட்டா சும்மாவே சொல்லிருப்பேனே" என்றாள் அத்தை. அவள் சொன்னது முழுக்கத் தப்பில்லை என்பது களப்பணிக்கு நோட்டோடு திரும்பி வந்தபோது தெரிந்தது. முதல் மாதம் முழுக்க நான் எழுதியது அத்தை சொன்னதைத்தான்.

மதத்தின் சமூகவியல் என்ற தாளுக்கு எங்களுக்கு வந்த பேராசிரியர் முதல் வகுப்பில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி, சாமி உண்டு என்பதையும் சாமி இல்லை என்பதையும் ரெண்டையும் வெளியே விட்டுவிட்டு இந்த வகுப்புக்குள் வாருங்கள் என்றார். ஒற்றைச் செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. பீட்டர் பெர்கர் 1967-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: முறையியல் நாத்திகம். ஆராய்கிற நேரத்துக்கு மட்டும் நாத்திகராக இருப்பது. அந்த பெர்கர் லுத்தரன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்பதையும் பேராசிரியரே சொன்னார். வகுப்பில் பாதிப் பேருக்கு அது ஆறுதலாக இருந்தது.

இந்தத் துறையின் பெரியவர்கள் எல்லாருமே அந்த வாசலில் கொஞ்சம் தடுமாறியவர்கள்தான். எமில் துர்க்கைம் யூத மதகுருவின் பிள்ளை. அந்த வழியை விட்டு வெளியே வந்தவர். 1912-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் குலச்சின்னங்களை வைத்து, மனிதர்கள் கும்பிடுவது கடைசியில் தங்கள் கூட்டத்தின் பலத்தைத்தான் என்று எழுதினார். ஆஸ்திரேலியா பக்கம் அவர் போனதே இல்லை. ஆனால் அவரே 1914-இல் நாத்திகர்களும் ஆத்திகர்களும் கலந்திருந்த ஒரு சபையில் பேசும்போது, மதத்தை ஆராய வருகிறவனுக்குள் அந்த உணர்வு கொஞ்சமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் தெரியாதவன் நிறத்தைப் பற்றிப் பேசுகிற கதைதான் என்ற அர்த்தத்தில் சொன்னார். மாக்ஸ் வெபரோ, மத விஷயத்தில் தனக்குச் சுருதி பிடிபடாது என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டவர். வாழ்நாளில் பாதியை அதைப் பற்றி எழுதியே கழித்தார். இவர்களைப் படிக்கப் படிக்க எனக்குக் கர்வம் ஏறியது. ஒருமுறை லீவுக்கு வந்தபோது முனியாண்டி கோயில் பொங்கலில் நின்றுகொண்டு, 'இவர்கள் தங்களையேதான் கும்பிடுகிறார்கள்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்ததும் உண்டு. எம்.ஏ. முதல் வருடத்தில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான்.

கோயில் என்றால் கோபுரம், மதில் என்று நினைத்துவிடக் கூடாது. தேயிலைக் காடு முடிந்து சோலை தொடங்குகிற விளிம்பில், நாவல் மரத்தடியில் மூன்று கல். மேலே தகரம். துருப்பிடித்த அரிவாள் ஒன்று நட்டு வைத்திருக்கும். முனியாண்டிக்கு எங்கேயும் உள்ள படையல்தான்: சுருட்டு, சாராயம், சேவல். தோட்டம் சேர்த்துக்கொடுத்தது ஒன்று உண்டு. காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் யாராவது ஒருத்தி ஒரு டம்ளர் கட்டன் சாயாவைக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். சர்க்கரை கிடையாது. கவாத்து முடிந்து முதல் கொழுந்து வரும்போது கூடையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அவருக்கு. என் தாத்தா அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வேட்டி முந்தியில் முடிந்து கொண்டுவந்த பிடிமண் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது. மலையில் எங்கே தோண்டினாலும் சிவப்பு. அங்கே மட்டும் தோண்டினால் கறுப்பாக வரும் என்பார்கள். சின்ன வயசில் குச்சியால் கிளறிப் பார்க்கப் போய் முதுகில் அடி வாங்கியிருக்கிறேன்.

சாமியாடுவது பெரியப்பா. ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. சூப்பர்வைசர் எதிரே வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்கிற மனிதர். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி நான் கேட்டதில்லை. திருவிழா இரவில் அவர்மேல் சாமி வரும். அன்றைக்கு ஆபீசில் உள்ளவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று அவர் கையால் திருநீறு வாங்குவார்கள். ஆய்வேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? மானுடவியலாளர் மாக்ஸ் க்ளக்மேன் 1954-இல் எழுதிய 'கலகச் சடங்கு'களைப் பற்றிய கட்டுரை கையில் இருந்தது. ஒரு நாள் மட்டும் கீழே இருப்பவன் மேலே ஏறித் திட்டுவான். மறுநாள் எல்லாம் பழையபடி. அதனால்தான் பழையபடி நிலைக்கிறது. அச்சில் வார்த்த மாதிரி பெரியப்பா அதில் பொருந்தினார்.

களப்பணி செய்த வருடத் திருவிழாவில் என் நோக்கியா போனில் பதிவு செய்தேன். பதினோரு நிமிடம். உறுமிச் சத்தத்துக்கு நடுவில் சாமி பேசுகிறது. ஓரிடத்தில் ஆபீசர் பக்கம் திரும்பி, "என் கூரை எங்கடா?" என்று ஒரு கேள்வி. தகரம் பறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். என் வழிகாட்டி ஓரத்தில் 'மிக நன்று' போட்ட பன்னிரண்டு பக்கம்.

ஆனால் அந்தப் பதிவில் நான்கு நிமிடம் வேறொன்று இருக்கிறது. சாமி பெரியப்பாவைத் திட்டுகிறது. பெரியப்பா வாயாலேயே. "காப்புக் கட்டுனவன் கடையில போயி டீ குடிப்பியாடா? எத்தனை நாளுடா உன்னால வாயைக் கட்ட முடியாது?" பக்கத்தில் நின்ற கிழவிகள் பெரியப்பாவுக்காக சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். இது எந்தக் கலகம்? கீழே இருப்பவனை, அவன் வாயாலேயே, மேலே இருப்பவர் திட்டுவதற்குக் க்ளக்மேனிடம் இடம் இல்லை. எனக்கும் இல்லை. ஆய்வேட்டில் அந்த நான்கு நிமிடம் வரவே இல்லை. யாரும் விடச் சொல்லவில்லை. பொருந்தவில்லை என்று நானே விட்டேன்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி முழுசும் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் சொல்லிருக்கார்" என்றார். பிறகு கூச்சத்தோடு, "ரெண்டு நாளா வயிறு சரியில்ல தாயி. அதான் ஒரு டீ குடிச்சேன். அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

குற்ற உணர்ச்சி என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். சொல்லவும் சொன்னேன், பிறகு ஒரு கருத்தரங்கில். அந்த விளக்கம் தப்பென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விளக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அங்கே ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய களக்குறிப்புகளின் தொகுப்பெல்லாம் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போய்விட்டது. ஞாபகத்திலிருந்தே எழுதி 1976-இல் 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு பொறாமை. அவருக்குத் தீ செய்த உதவி அது: ஞாபகம் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டது. என் பதிவு எரியவில்லை. பதினோரு நிமிடமும் பத்திரமாக இருந்தது. பொருந்தாததைப் போட நான்தான் துணியவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்கள் இந்தத் துறைக்குப் புதுசல்ல. பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் 1949-50-இல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி, 1957-இல் பெரிய புத்தகம் போட்டார். எந்தச் சாமி சைவம், எந்தச் சாமி கிடா கேட்கும், ஒன்றுக்கொன்று எங்கே எந்த வரிசையில் நிற்கும் என்பதெல்லாம் அவர் எழுத்தில் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். சாமிகள் நிற்கிற இடம் தெரிகிறது. குரல் எனக்குக் கேட்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி வேலை செய்த ஆனந்த் பாண்டியன் 2009-இல் எழுதிய 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' வேறு மாதிரி. உழுகிறவர்கள் மனசைப் பற்றியும் பயிரைப் பற்றியும் சொன்னதை அவர் 'நம்பிக்கைகள்' என்று ஒரு பெட்டியில் போட்டு மூடவில்லை. அவர்களும் யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு கூடவே யோசித்தார்.

அந்தப் புத்தகத்தில் வருகிற சரித்திரம் இன்னொன்றையும் எனக்குக் காட்டியது. 'நம்பப்படுகிறது' என்கிற செயப்பாட்டு வினை எப்போதும் அடக்கத்தின் அடையாளம் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்ட காலத்தில், ஒரு சாதி முழுவதும் பிறப்பிலேயே குற்றம் செய்கிறவர்கள் என்று நம்பப்பட்டது. யார் நம்பினார்கள்? எழுதிய அதிகாரி பேர் இல்லை, சொன்ன பக்கத்து ஊர்க்காரன் பேர் இல்லை. 1911-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் புதிதாக வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அம்மா கேட்ட கேள்வியை அந்தக் காகிதங்களின் ஓரத்தில் யாராவது கேட்டிருந்தால்!

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கிறார்கள். என் வகுப்பில் எம்.ஏ. முடித்தவர்களில் ஒருத்தி குரூப் தேர்வு எழுதித் தாலுகா ஆபீசில் இருக்கிறாள். ஒருவன், 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கேட்கிற சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதிக்கொடுக்கும் நிறுவனத்தில். நிலம் போகிறவர்களிடம் பேசிவிட்டு வந்து அன்று ராத்திரி சாப்பிட முடியாது என்பான். ஒருவன் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வாரத் தவணை வசூலிக்கிறான். ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிக்க நாம் படித்த படிப்பு அங்கேதான் உதவுகிறது என்று சொல்லிச் சிரிப்பான், சிரிப்பில் சந்தோஷம் இருக்காது. எனக்கு ஒரு கனவு இருந்தது. அப்போதிருந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் நல அலுவலர் வைக்க வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்தவள் நல அலுவலராகத் திரும்பி வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று. அது நடக்கவில்லை. அதைவிட நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாத வேலைகள் நடந்தன.

முதலில் சர்வே. ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம், நூற்றுச் சொச்சம் கேள்விகள். 'மதம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கம்பத்தில் ஒரு பாட்டி, "முனியாண்டி" என்றாள். கூட வந்த பையன் சிரித்துவிட்டான். நான் இந்துவுக்கான குறியீடு 1 என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? அந்தக் கட்டம் எந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நிற்கிறீர்கள் என்று கேட்கிறது. பாட்டி யாரோடு நிற்கிறாள் என்று சொன்னாள்.

பிறகு மூன்று வருடம் ஓர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசகர். அந்த வேலைக்கு உளவியல், சமூகப்பணி படித்தவர்களோடு சமூகவியல்காரர்களையும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்துக்கு வைத்திருக்கிற பெயரைத் தினமும் தலைக்கு மேல் போர்டில் பார்த்தபடிதான் உள்ளே போவேன்: நம்பிக்கை மையம். யார் வைத்தார்களோ, தமிழ் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிற லாரி டிரைவரோ, கைப்பிள்ளைக்காரியோ ஒன்று உண்மையா பொய்யா என்று முடிவு செய்துவிட்டு வருவதில்லை. "உங்களை நம்பித்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌனம் இருக்கும். மின்விசிறி மட்டும் ஓடும்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. நான் ஆய்வேட்டில் எழுதிய 'நம்பு' எங்கள் வீட்டு 'நம்பு' இல்லை. அது ஆங்கிலத்திலிருந்து சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சரி என்று மண்டைக்குள் ஒப்புக்கொள்வது. தமிழில் ஆளைத்தான் நம்புவோம். உன்னை நம்பி வந்தேன். மழையை நம்பி விதைத்தேன். மகனை நம்பிக் கடன் வாங்கினேன். மழை இருக்கிறது என்று நம்பி யாரும் விதைப்பதில்லை. அது இருக்கிறது, வருமா, கைவிடுமா என்பதுதான் விஷயம். நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தை அதனால்தான் இருக்கிறது. செய்திக்குத் துரோகம் செய்ய முடியுமா? ராட்னி நீதம் என்ற மானுடவியலாளர் 1972-லேயே 'நம்பிக்கை' என்ற சொல்லை எல்லா மொழிக்காரர்கள்மேலும் ஒட்டலாமா என்று ஒரு புத்தகம் முழுக்கக் கேட்டிருக்கிறார். எனக்கு அவர் தாமதமாகத்தான் கிடைத்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

அப்பா போனது நான் ஒன்பதாவது படிக்கும்போது. தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி மாதம். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. ஏன் முறிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்: காற்று, உள்ளே உளுத்துப்போன கிளை. மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937-இல் எழுதிய புத்தகத்தில் வரும் அசாண்டே மக்களும் தானியக் குதிர் சரிந்ததற்குக் கரையான்தான் காரணம் என்று அறிந்தவர்கள்தான். அந்த நேரம் பார்த்து அந்த ஆள் ஏன் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான் என்பதே அவர்களுக்குக் கேள்வி. அம்மாவுக்கும் அதுதான். பெரட்டில் பேர் போட்டபோது அப்பாவுக்கு வேறு காட்டில்தான் வேலை. கடைசி நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரு வருடம் அம்மா நாவல் மரத்தடிப் பக்கம் போகவில்லை. பெரட்டுக்குச் சுற்றுவழியில் போனாள், பத்து நிமிடம் கூடுதல். களப்பணியின்போது இதைப் பற்றி ஒரு 'தகவலாளி'யிடம் கேட்கிற மாதிரி அம்மாவிடமே கேட்டேன்.

"அப்ப உனக்கு நம்பிக்கை போயிருச்சாம்மா?"

"நம்பிக்கை எங்க போகும்? கோவம். ஒரு வருசம் பேசல."

"யாருகூட?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவருகூடத்தான்."

இருப்பதாக நம்பப்படுகிற ஒன்றோடு யாராலும் ஒரு வருடம் பேசாமல் இருக்க முடியாது. இதை வைத்து முனியாண்டி இருக்கிறார் என்று நான் நிரூபிக்கப் புறப்படவில்லை. அம்மாவின் கோபம் அம்மாவைப் பற்றிய சான்று, அவ்வளவுதான் என்று என் துறை சொல்லும், சரியாகவே சொல்லும். வாசலில் செருப்பை விடுகிற விதியை நான் இன்னும் மதிக்கிறேன். ஆனால் உண்டு, இல்லை என்ற இரண்டு செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனவள், அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சுவார்த்தையை, பிணக்கை, சமாதானத்தை எல்லாம் 'ஒரு கருத்து' என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தக் கருத்தை அங்கே யாரும் வைத்திருக்கவே இல்லை. தப்பு விதியில் இல்லை, வினைச்சொல்லில்.

இப்போது பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேரில் இருக்கிறது. எம்.ஃபில். என்ற படிப்பையே யுஜிசி 2022-இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு என் ஆய்வேட்டைக் காட்டினால் பழைய நாணயத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். துர்க்கைமை நடத்த எனக்கு ஆஸ்திரேலியா தேவைப்படுவதில்லை. கூடலூர், கம்பம் பிள்ளைகளிடம் பென்னிகுக் பேரைச் சொன்னால் போதும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த வெள்ளைக்கார இன்ஜினியர். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலோடு வருகிறது. பானை வைத்துப் பொங்கிப் படைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் வந்தது. நம் கண் முன்னால் ஒரு மனிதர் தெய்வமாகிக்கொண்டிருக்கிறார், இது எந்த ஆய்வாளனுக்கும் கிடைக்காத பாக்கியம் என்று உற்சாகமாகச் சொன்னேன். கூடலூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், அது நன்றி. எங்க வீட்ல போட்டோ இருக்கு, மாலை போடுவோம். ஆனா அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டோம். கேக்கறதுக்குக் கருப்பசாமி இருக்கார்." பின்பெஞ்சுப் பையன், "எங்க அப்பத்தா கேக்கும். மோட்டார் ஓடலன்னா அவரைத்தான் கூப்பிடும்" என்றான். மணியடிக்கிற வரை சண்டை. துர்க்கைம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பு முடிகிற நேரம் ஒருத்தி கேட்டாள்: "மேடம், நீங்க சாமி கும்பிடுவீங்களா?"

பழைய பேராசிரியரின் செருப்புக் கதையைச் சொல்லித் தப்பித்தேன். அவள் விடவில்லை. "வெளிய வரும்போது மறுபடி மாட்டிக்குவீங்கள்ல மேடம். அது எந்தச் செருப்புன்னுதான் கேக்குறேன்."

தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

இந்த வருடம் வைகாசியில் அம்மாவுக்குக் கணக்கு முடிந்தது. பி.எஃப்., கிராஜுவிட்டி வாங்கியாயிற்று. லயத்தைக் காலி செய்து சின்னமனூரில் என் வாடகை வீட்டுக்கு வரவேண்டும். பெரியப்பா ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டார், திருப்பூரில் மகன் வீட்டுக்கு. எங்கள் லயத்தில் பாதிக் கதவு பூட்டு. மீதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். புறப்படுகிற அன்று காலை அம்மா மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள்.

நாவல் மரத்தடிக் கல்லுக்கு முன்னால் ஒரு டம்ளர் கட்டன் சாயா ஏற்கெனவே இருந்தது. ஆவி இன்னும் பறந்தது. "அந்த வடக்கத்திப் புள்ளதான் வைக்கிறா. நாங்க யாரும் சொல்லல" என்றாள் அம்மா. அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து ஏன் வைக்கிறாய், யாரென்று நினைத்து வைக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. நோட்டு பையிலேயே இருந்தது.

கூட வந்த பெரியப்பா குனிந்து கல்லுக்கடியில் கம்பியால் கிளறி ஒரு பிடி அள்ளினார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்புத்தான். கறுப்பு ஒரு துளிகூட இல்லை.

"கரிசல் மண்ணுன்னு சொல்வீங்களே பெரியப்பா."

"அறுவது வருச மழை தாயி" என்றார்.

"பிடிமண் எடுத்துட்டா சாமி இங்கிட்டு இருக்காதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். ஆய்வாளர் கேட்டாளா, மகள் கேட்டாளா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

"தாய்ச்செடியில தண்டு வெட்டித்தான நாத்துப் போடுறோம். தாய்ச்செடி செத்தா போகுது?" என்று சொல்லி, மண்ணைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "கீழ வைக்காத. வீடு போற வரைக்கும் நீதான்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாத்திரச் சாக்கு, டிரங்குப் பெட்டி, ரெண்டு கோழி எல்லாவற்றுக்கும் கண்டக்டர் லக்கேஜ் போட்டுக்கொண்டே வந்தார். என் மடியைப் பார்த்து, "அது என்னம்மா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "முனியாண்டி."

அவர் சிரிக்கவில்லை. டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வளைவு வருது. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.